பதினேழு பேர் அமுக்கிய வீடு

நம் ஆபீஸில் ஜன்னல் ஓரம் மூன்றாவது நாற்காலி என்னுடையது. புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் அதன் மேல் ஒரு சாப்பாட்டுப் பை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துக் கீழே வைத்துவிடாதீர்கள். அது மறந்து வைத்தது இல்லை.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், ரேஷன் கார்டில் என் பேர் எங்கே என்று காட்டுவேன். இப்போது போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பாக எழுதிய இடம் எது என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். மெதுவாகத்தான் வரும். அவசரப்படாமல் படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத்துப் பட்டறை, மேலே போனுக்கு ஆப் செய்கிற நம் ஆபீஸ். ஆறு பேர் உட்காருகிற இடம். நான் அங்கே பெருக்கித் துடைக்கவும் டீ போடவும் சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் சார் என்பார்கள். நான் நாலு பேர் இருந்தால் சார் என்பேன், இல்லாவிட்டால் தம்பி. திருமுல்லைவாயிலில் சொந்த வீட்டில் இருக்கிறவள் நான். வயிற்றுக்கு இல்லாமல் வந்தவள் இல்லை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்தவள். அதைத் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் அவர்கள் எல்லாரும் ஒரு போனைச் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆப்பில் ஒரு படம். பார்க்கப் பூ மாதிரி இருக்கிறது, ஜனங்களுக்கு எப்படிப் புரியும் என்று ஒருத்தர். எல்லா போனிலும் இதுதானே இருக்கிறது என்று இன்னொருத்தர். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். பூ இல்லை, பல்சக்கரம், கீழே பட்டறையில் அறுக்கிறார்களே அதுதான், மெஷினைத் திறந்து உள்ளே கை வைக்கிற இடம் என்று அர்த்தம் என்றேன். சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு படத்தைக் காட்டினார். டம்ளர் என்றேன். எதுக்கு டம்ளர் என்றார். தண்ணி குடிக்க, வேற எதுக்கு என்றேன்.

அது குப்பைத் தொட்டியாம். ஒரு டாக்டர் கிளினிக்குக்கு அவர்கள் செய்து கொடுத்த டோக்கன் ஆப்பில் டோக்கனை அழிக்கிற பட்டன். டோக்கன் எடுத்த ஜனங்கள் ஏன் தாங்களே அதை அழித்துக்கொள்கிறார்கள் என்று தம்பி ரெண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். காத்திருந்து காத்திருந்து தொண்டை வறண்டவர்கள் தண்ணி எங்கே இருக்கிறது என்று அமுக்கியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேலை மாறியது. எந்தப் படம் போட்டாலும் முதலில் என்னிடம் காட்டுவார்கள். கழுத்தில் மாட்டுகிற கார்டில் டெஸ்டர் என்று போட்டுக் கொடுத்தார்கள். அதைச் சேலைக்கு மேலே தெரிகிற மாதிரிதான் மாட்டிக்கொள்வேன். ஆனால் டீ போடுவதை நான் விடவில்லை. அவர்கள் போட்ட டீயை நான் ஒரு நாள் குடித்தேன், அதனால்தான்.

நீங்கள் ஐகான் என்கிறீர்கள். நான் சின்னம் என்பேன். கடைசி வரை அப்படியேதான் சொன்னேன், யாரும் திருத்தவில்லை. படிக்காதவர்களுக்குச் சின்னம் என்றால் என்ன என்று ஓட்டுப் போடும்போது தெரியும். அட்டை மறைப்புக்குள் தனியாக நிற்கிறோம். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. மேலிருந்து கீழே வரைக்கும் சின்னம். கையில் இருப்பது ஒரு விரல். அமுக்கினால் மெஷின் கூவும், முடிந்தது, திரும்ப எடுக்க முடியாது. போனைப் பிடித்திருக்கிற என்னைப் போன்ற பொம்பளை தினமும் அந்த அட்டைக்குள்தான் நிற்கிறாள். நீங்கள் படம் வரையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

படம் வரைகிற வேலைக்கு ஒரு பொண்ணு வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கம். நூம்பலில் ஒரு பிளாட்டில் இன்னும் ரெண்டு பொண்ணுகளோடு தங்கியிருந்தாள். ஆறு மாதம் டிரெயினிங், அதற்குள் அவள் கையால் ஒரு ஆப் முழுசாக வெளியே போய் நின்றால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்று தம்பி சொல்லித்தான் எடுத்தார். வேலை நிலைக்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டாள்.

அவள் படம் காட்டுகிற விதமே வேறு. மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, புரியுதா என்பார்கள். புரியுதா என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? இவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். போனைக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசுவாள். பிறகு திருப்பிக் காட்டி, “இத அமுக்கினா என்னம்மா நடக்கும்?” என்பாள். அந்த நேரம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் விரலைத்தான் பார்ப்பாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, முகம் மரியாதைக்காக ஏதாவது சொல்லும், விரலுக்கு அது தெரியாதுல்லா என்றாள். ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பாள். அதில் எழுத்து இருக்காது, எல்லாம் படம்தான். அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும்.

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ படித்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். தெரியாதவர்களிடம் கேட்கத் தெரிந்தவள் என்று அவளைத்தான் சொல்வேன்.

எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்று. பொம்பளைகள்தான் முக்கால்வாசி. பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயில் என்று வழியெல்லாம் வேன் நின்று காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று டிரைவருக்குத் தெரியாது. வராதவளுக்காகத் தெருமுனையில் ஆரன் அடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர்களுக்கு நேரம் போகும். அதற்கு ஒரு ஆப் கேட்டார்கள். அதுதான் அந்தப் பொண்ணுக்குக் கொடுத்த வேலை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

நாலு படம் வரைந்தாள். வேன் படம், வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க. கடிகாரம், ரெண்டு நிமிஷம் நில்லுங்கள் என்று சொல்ல. விரித்த கை, ஏதாவது ஆபத்து என்றால். நாலாவதாக ஒரு வீடு. அது, இன்றைக்கு வீட்டிலேயே இருக்கிறேன், வரவில்லை என்று சொல்வதற்கு. எதையும் அமுக்காவிட்டால் ஆள் வருகிறது என்று அர்த்தம்.

இதை நான் இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. தெரியக் கூடாது, அதற்குத்தானே நான்.

காட்டுகிற அன்று கம்பெனி மேனேஜரும் வந்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன். அதனால் அந்தப் பொண்ணால் வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார முடியவில்லை. தம்பியே போனை வாங்கிக் காட்டினார். வேன் என்றேன். கடிகாரம் என்றேன். கை என்றேன். நாலாவதற்கு, ஊடு என்றேன்.

“கரெக்ட்” என்றார் தம்பி. “வீடு. இன்னைக்கு வீட்டுல இருக்கேன், வரலை. அவ்வளவுதான்.”

மேனேஜர் சிரித்துக்கொண்டு, “இவங்களுக்கே புரியுதுன்னா எங்க பொண்ணுங்களுக்குப் புரியாதா?” என்றார்.

இவங்களுக்கே. அந்த ஒரு சொல் எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. உண்மையில் என் வாயில் ஒரு கேள்வி வந்து நின்றுகொண்டிருந்தது. வீடு என்றால் வீட்டில் இருக்கிறேனா, வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேனா, வீட்டாண்ட நிற்கிறேன் வந்து ஏற்றிக்கொள் என்கிறேனா? எனக்கு முதலில் தோன்றியது கடைசியில் சொன்னதுதான். ஆனால் இவங்களுக்கே என்று சொன்ன ஆள் முன்னால் எப்படிக் கேட்பது? கார்டைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பொண்ணு மட்டும் மெதுவாக, “வேற ஏதாச்சும் தோணுதாம்மா?” என்றாள்.

“இல்ல. புரியுது” என்றேன்.

நான் இந்த ஆபீஸில் சொன்ன ஒரே பொய் அது.

திங்கட்கிழமை காலை ஆப்பை விட்டார்கள். நான் அன்று ஒன்பது மணிக்குக் கிளம்பி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன், எதிரில் செல்வி வேர்த்து விறுவிறுத்து வருகிறாள். செல்வி எங்கள் பக்கத்துத் தெரு, அந்தக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அந்நேரம் அவள் மெஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“இன்னா யக்கா, உங்க ஆபீஸு ஆப்பு எங்களுக்கே ஆப்பு வச்சிடுச்சே” என்றாள்.

என்ன நடந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, வந்து நின்ற ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டேன். விடியற்காலையில் சமைத்து, பிள்ளைக்குத் தலை பின்னி, வாசலுக்கு வந்து நின்று, புது ஆப்பைத் திறந்து, ரெடியாக நிற்கிறேன் என்று சொல்வதற்கு வீட்டை அமுக்கியிருக்கிறாள். இவள் மட்டும் இல்லை. பட்டாபிராம் கேட்டில் ஆறு பேர், ஆவடியில் நாலு பேர், எங்கள் பக்கம் ஏழு பேர். மொத்தம் பதினேழு பேர். அத்தனை பேரும் வரவில்லை என்று டிரைவர் போனில் விழுந்திருக்கிறது. அந்த டிரைவர், மற்றவர் சொன்னதை அப்படியே செய்கிற மனுஷன். அவர்கள் சாலையோரம் பையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட, அவர் வரலைன்னுதானே காட்டுது என்று ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். செல்வி பின்னாலேயே ஓடியிருக்கிறாள். பிறகு டிரெயின் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் கம்பெனி கேட்டில் நிறுத்தி அரை நாள் லீவு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“ஊட்ட அமுக்கினா ஊட்டாண்ட வரணும்தானே யக்கா? வேற இன்னாத்துக்கு ஊடு?” என்றாள். அவள் கேட்டது நான் கேட்காமல் முழுங்கிய கேள்வி.

ஆபீஸுக்குப் போனால் மேனேஜர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். பதினேழு மெஷின் காலி, லைன் நின்றுபோனது, இந்த ஆப்பே வேண்டாம் என்று சத்தம். தம்பி அவரைச் சமாதானப்படுத்திவிட்டு அந்தப் பொண்ணு பக்கம் திரும்பினார். டெஸ்ட் பண்ணித்தானே விட்டாய் என்றார். பண்ணினேன் சார் என்றாள். அப்போது தெரியவில்லையா என்றார். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என் தப்பு சார்” என்றாள்.

நான் டீ டிரேயோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் ஊருக்குப் போயிருப்பாள், என் கார்டு என் கழுத்தில் இருந்திருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பாதியை நான் நின்றுதான் கழித்தேன். பிறகு டிரேயை மேஜையில் வைத்தேன்.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். எனக்கு அன்னைக்கே புரியல. புரியுதுன்னு பொய் சொன்னேன்.”

தம்பி என்னையே பார்த்தார். மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்புறம் உங்களை எதுக்கும்மா இங்க வச்சிருக்காங்க என்றார்.

“புரியலன்னு சொல்றதுக்குத்தான் வச்சிருக்காங்க. அன்னைக்கு அந்த வேலைய நான் செய்யல” என்றேன்.

டீயை எடுத்து ஒவ்வொருத்தருக்காக வைத்தேன். மேனேஜர் கடைசியில் அந்த டீயைக் குடித்தார். குடித்துவிட்டு, வியாழக்கிழமை காலை ஒரே ஒரு தடவை, அன்றைக்கும் ஒருத்தி விட்டுப்போனாலும் அத்தோடு சரி என்று எழுந்து போனார். தம்பி அந்தப் பொண்ணிடம் அவர் சொன்னது கேட்டுச்சுல்ல என்று மட்டும் சொன்னார். உன் வேலையும் அத்தோடு சரி என்பதைச் சொல்லாமலேயே சொல்லிவிட்டார்.

நான் அவளிடம் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நோட்டில் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “நாளைக்கு அந்த வேன்லயே போவோமாம்மா? பட்டாபிராம்ல இருந்தே ஏறிருவோம்” என்றாள். அவ்வளவுதான். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை பட்டாபிராம் கேட்டில் ஏறினோம். பழையபடி டிரைவர் ஆரன் அடித்து அடித்துத்தான் ஆள் ஏற்றினார். எங்களைப் பார்த்ததும் வேனே களை கட்டிவிட்டது. ஆப்புக்காரி வந்துகினா பாரு, இன்னிக்கு நம்மள எங்க எறக்கி வுடப் போறாளோ என்று ஒருத்தி. ஊட்டுப் படம் போட்டியே, ஒரு ஊடு கட்டிக் குடேன் என்று இன்னொருத்தி. அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பதிலுக்கு நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முழங்காலில் கை வைத்து அமுக்கினாள்.

திட்டி முடித்த பிறகு அவர்கள் எங்களை மறந்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வேனில் ஒரு வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துத் தன் கூட்டாளிக்கு இடம் பிடித்து வைப்பாள். பை இருந்தால் அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், ஆவடியில் கூட்டம் ஏறினாலும் சரி. திருமுல்லைவாயிலில் செல்வி ஏறியதும் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, தன் பையை முன் சீட்டில் வைத்தாள். அது அம்பத்தூர் கிட்ட ஏறுகிற கூட்டாளிக்கு. அந்தக் கூட்டாளியின் தெருமுனையில் வேன் நின்றது. ஆரன் அடித்தார். அவள் வரவில்லை. செல்வி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து, “அவ வரல, நீ குந்து” என்றாள்.

அந்தப் பொண்ணு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள். நோட்டை எடுத்து, ஆடுகிற வேனிலேயே ரெண்டு படம் போட்டாள். ஒரு சீட்டு, அதன் மேல் சாப்பாட்டுப் பை: நான் வருகிறேன். ஒரு சீட்டு, மேலே ஒன்றும் இல்லை: நான் வரவில்லை.

இனிமேல் வருகிறவளும் ஒரு தடவை அமுக்க வேண்டும், வராதவளும் அமுக்க வேண்டும், ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றதைப் புரிந்துகொள்வார்கள் என்றாள். நோட்டை வேன் முழுக்க அனுப்பினாள். விளக்கவே இல்லை. இதைப் பார்த்தால் டிரைவர் அண்ணன் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டாள். பையைப் பார்த்து, நிப்பாட்டுவாரு என்றார்கள். காலி சீட்டைப் பார்த்து, போயிகினே இருப்பாரு என்றார்கள். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். செல்வி மட்டும் பை என்னுது மாதிரியே கீது, எங்கிட்ட கேட்டியா என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. படம் ரெண்டும் போனில் ஏறி, பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. பையில் கட்டம் கட்டமாக வயர் பின்னல்கூடப் போட்டிருந்தாள். மேனேஜர் பார்த்துத் தலையாட்டினார். தம்பி முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. வேனில் இருந்தவர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, இனி என்ன என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

அந்தப் பொண்ணு உட்காரச் சொன்னாள். தம்பியையும் மேனேஜரையும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்றைக்கு என்ன சமையல் என்றாள். காராமணிக் குழம்பு என்றேன். பிறகு ஒவ்வொரு படமாகத் திருப்பினாள்.

சீட்டில் பை. ஆள் வருது, எடம் புடிச்சி வச்சிருக்காங்க என்றேன்.

காலி சீட்டு.

இதில் ஒரு விஷயம். வேனில் நானும்தான் இருந்தேன். நானும்தான் செல்வி பையைத் தூக்கியதைப் பார்த்தேன். இந்தப் பொண்ணு என்ன நினைத்து வரைந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்குப் புதிதாகச் சேருகிறவள் இந்த வேனில் ஏறியதே இல்லை. அவளாக என்னை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். விரல் அதன் மேல் போகவில்லை.

தம்பியும் மேனேஜரும் என் வாயையே பார்க்கிறார்கள். விடிந்தால் வியாழக்கிழமை. அந்தப் பொண்ணுக்கு அந்தப் படம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். புரியுது என்று ஒரு சொல் சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

“புரியல” என்றேன். “எடம் காலியா கீது. வா, வந்து குந்துன்னு கூப்புடுது.”

தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர், வேன் முழுக்கச் சரியாகச் சொன்னார்களே என்றார். அவர்கள் பை இருந்ததைப் பார்த்துவிட்டு அப்புறம் இல்லாததைப் பார்த்தார்கள், காலி சீட்டைத் தனியாகப் பார்க்கவில்லை என்றேன். இன்னொரு சங்கடம் வேண்டாம் என்று அவர் சொல்ல வந்தார். அந்தப் பொண்ணு முகம் ஒரு நொடி வாடியது. நான் பார்த்தேன். ஒரே ஒரு நொடி. பிறகு போனைக் கவிழ்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

“சரிம்மா. அவ வரலன்னு தெரிஞ்சதும் பைய என்ன செய்வாங்க?”

“தூக்கிடுவாங்க.”

அவள் பென்சில் நிற்கவே இல்லை. அதே சீட்டு, அதே பை. ஆனால் ஒரு கை அந்தப் பையின் காதைப் பிடித்து மேலே தூக்குகிறது. பைக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி. கையில் ரெண்டு வளையல்.

என் விரல் தானாகவே அதன் மேல் போய் நின்றது. “அவ வரல” என்றேன். “வண்டி நிக்காது.”

அவள் போனை எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நான் திருமுல்லைவாயில் முனையில் போய் நின்றேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. செல்வி வந்தாள், என்னைப் பார்த்து, காவலுக்கு வந்துட்டியா யக்கா என்றாள், பையை அமுக்கினாள். இன்னும் ஆறு பேர் வந்தார்கள், அமுக்கினார்கள். வேன் தூரத்தில் தெரிந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நிறுத்தினார். ஏழு பேரும் ஏறினார்கள். ஏறும்போது செல்வி மேலே இருந்து கத்தினாள், அம்பத்தூர்க்காரிக்கு இன்னும் காய்ச்சல் உடல, அவ பையத் தூக்கிட்டா என்று. அவள் தெருவில் வேன் நிற்காமல் போனது, ஆரன் அடிக்காமல் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு ஒருத்தியும் விட்டுப்போகவில்லை. மேனேஜர் போன் செய்து தம்பியிடம் சொன்னது மூன்று வார்த்தை. சரி, இருக்கட்டும், விடுங்க.

அந்தப் பொண்ணு நிரந்தரமானாள். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறாளே, அவள்தான்.

அந்த வாரக் கடைசியில் அவள் நோட்டை எனக்குக் காட்டினாள். மேனேஜர் முதல் தடவை வந்த அன்று போட்ட பக்கம். ஒரு வீடு. அதன் மேல் ஒரு விரல், வீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. நகத்தில் நான் எப்போதும் போடுகிற மருதாணி இருந்தது, என் விரல்தான்.

“உங்க வெரல் நின்னுச்சும்மா. நான் பாத்தேன். நீங்க புரியுதுன்னு சொன்னதும் கேக்காம விட்டுட்டேன். அதான் என் தப்புன்னு சொன்னேன். சும்மா சொல்லல” என்றாள்.

நான் பொய் சொன்னது அவளுக்கு முதல் நாளே தெரியும். திங்கட்கிழமை அத்தனை பேர் முன்னால் நோட்டைத் திறந்து காட்டியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். காட்டவில்லை. எனக்கு எழுத்து கொஞ்சம்தான், ஆனால் அந்தப் பக்கத்தை நான் எப்போது வேண்டுமானாலும் படிப்பேன். அதைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டாள்.

கம்பெனியில் இப்போது லீவு போட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்குப் பையைத் தூக்கிடுவேன் என்கிறார்கள். ஆப் இல்லாதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் முழங்கால் படி ஏற ஒத்துக்கொள்ளாமல் போனதும் நான் நின்றுவிட்டேன். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் பேசி முடித்து, போட்டோ எடுத்து முடித்து, கழுத்துக் கார்டை நானே வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொல்லி முடித்த பிறகு, என் நாற்காலிக்குப் போய் என் பையைத் தூக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்தது. தன் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்து என் நாற்காலியின் மேல் வைத்தாள்.

நான் ஆட்டோ ஏறின பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குள் இறங்கியது. நான் இல்லை, இன்னொரு ஆள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் ஒன்று வரும். அதுவரைக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

உங்களில் யாருக்காவது ஒரு படம் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லவும் வாய் வருகிறது என்றால், தயங்காதீர்கள். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள்.